கிழக்கு ஜெர்மனிக்கு நான் கொடுத்த கேஸ் கனெக்‌ஷன்

ஒரு நாட்டு விவசாயிகள் சமையல் கேஸுக்குப் பயந்து, வீடு வாசல், ஆடு மாடு எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பக்கத்து நாட்டுக்கு ஓடிப்போனார்கள் என்ற வரலாற்று உண்மையை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். எனக்கு முன்னால் யாரும் அதைச் சொன்னதில்லை. எனக்குப் பின்னால் யாரும் சொல்லப்போவதுமில்லை. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பது மட்டும்தான் அதில் இருந்த குறை.

இன்றைக்கு நான் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்கிறேன். இதையெல்லாம் வெளியே சொல்லலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். ஆனால் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே போகிற எங்கள் ஊர் மினி பஸ்ஸில் கண்டக்டர் உட்பட எல்லோருக்கும் தெரிந்த கதையை நான் மட்டும் மூடி வைத்து என்ன ஆகப்போகிறது?

எங்கள் குடும்பம் ஒரு காலத்தில் பண்ணையாள் குடும்பம். அடுத்தவர் வயலிலேயே பிறந்து, அடுத்தவர் வயலிலேயே வேலை செய்து ஓய்ந்தவர்கள். அப்பா நடேசன் காலத்தில்தான் ஒன்றரை ஏக்கர் எங்கள் பெயருக்கு வந்தது. அம்மா அஞ்சம்மாள் அந்த ஒன்றரை ஏக்கரையும் இரண்டு மாடுகளையும் அக்காவையும் என்னையும் ஒரே குரலில் அதட்டி வளர்த்தவள். கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எம்.ஏ. முடித்துவிட்டு பி.எச்.டி. சேர்ந்தபோது ஊரில் கேட்ட ஒரே கேள்வி, “ஏம்மா, உன்னை மட்டும் ஏன் இன்னும் பாஸ் போட மாட்டேங்குறாங்க?”

தஞ்சாவூரில் நான் சேர்ந்த வரலாற்றுத் துறையில் என்னோடு சேர்த்து ஒன்பது ஆராய்ச்சி மாணவர்கள். ஏழு பேர் சோழர்களைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏரி, ஒருவர் கோயில் விளக்கு, ஒருவர் அந்த விளக்குக்கு நெய் கொடுத்த ஆடுகள். எட்டாவது ஆள் நாகூர்க்காரன் ஜாகிர். அவன் கடற்கரைத் துறைமுகங்களை எடுத்துக்கொண்டான். எனக்கு மிச்சம் இருந்தது உலகம்.

எங்கள் கைடு ஸ்டெல்லா மேடம் தன் மேசையின் அடியிலிருந்து ஒரு கட்டு ஜெராக்ஸை இழுத்துத் தூசி தட்டினார். “நவீன ஜெர்மனி வரலாறு. எப்பவோ நான் பண்ணலாம்னு எடுத்து வச்சது. பாரு, பிடிச்சா எடுத்துக்க.”

பிடித்தது. உண்மையாகவே பிடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிழக்கு ஜெர்மனியில் பெரிய பெரிய பண்ணைகளை உடைத்து, அதில் கூலிக்கு உழைத்தவர்களுக்கே நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள் என்று அதில் படித்தேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது, முகம் தெரியாத அந்த ஜெர்மன்காரர்கள் எல்லோரும் எனக்கு மாமன் மச்சான் மாதிரி தெரிந்தார்கள்.

ஆனால் எனக்கு ஜெர்மன் மொழி தெரியாது. (இது ஜெர்மன் வரலாறு படிக்கிறவளுக்குச் சின்னக் குறைதான் என்று அப்போது நினைத்தேன்.) போனில் ஓர் ஆப் போட்டு ஆறு மாதம் பயிற்சி எடுத்தேன். ‘பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான்’ என்று தப்பில்லாமல் சொல்ல வந்தது. துரதிர்ஷ்டவசமாக, கிழக்கு ஜெர்மன் கிராமங்களைப் பற்றிய எந்த ஆவணத்திலும் எந்தப் பையனும் ஆப்பிள் சாப்பிடவில்லை.

அதனால் மேடம் கொடுத்த ஜெராக்ஸ்தான் கதி. கிராமத்துப் பெண்கள் தங்கள் பழைய நாட்களைச் சொல்லி, யாரோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த தொகுப்பு அது. சுருக்கெழுத்துகளுக்கு விளக்கம் இருந்த பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் கடைக்காரர் விட்டுவிட்டார். நான் கவலைப்படவில்லை. அதில் திரும்பத் திரும்ப வந்த சுருக்கெழுத்து ஒன்றே ஒன்றுதான். எல்.பி.ஜி.

எல்.பி.ஜி. என்றால் என்னவென்று யாராவது அகராதியைப் புரட்டுவார்களா? எங்கள் தெருவுக்கு மாதம் இரண்டு முறை வருகிற வண்டியில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறதே.

பிறகு எல்லாமே கச்சிதமாகப் பொருந்தியது. அதுதான் கொடுமை. ‘எல்.பி.ஜி. வந்த பிறகுதான் அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்தது’ என்று ஒரு பெண் சொல்லியிருந்தாள். கிடைக்காதா பின்னே? விறகு பொறுக்க வேண்டாம், அடுப்பு ஊத வேண்டாம். ‘எல்.பி.ஜி. தலைவர் வீடு வீடாக வந்து மணிக்கணக்கில் பேசினார்’ என்றாள் இன்னொருத்தி. ஏஜென்சிக்காரர் ஆள் பிடிக்கிறார் என்று ஓரத்தில் எழுதிக்கொண்டேன். ‘மூன்றாவது வகை எல்.பி.ஜி.யில் சேர்ந்தால் மாடுகளையும் ஒப்படைக்க வேண்டும்’ என்ற இடத்தில் அரை நாள் முட்டி நின்றேன். மாட்டுக்கும் கேஸுக்கும் என்ன சம்பந்தம்? குளிக்கும்போது விடை கிடைத்தது. சாண எரிவாயு! ஈரத் தலையோடு ஓடி வந்து எழுதி வைத்தேன்.

ஒரே ஒரு ஆள்தான் சந்தேகப்பட்டான். கேண்டீனில் ஜாகிர் என் கட்டுரையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“செல்வி, அந்தக் காலத்துலயே அங்க கிராமம் கிராமமா கேஸா? எங்க வாப்பா துபாய் போயி சம்பாரிச்ச பிறகுதான் எங்க வீட்டுக்கே கேஸ் வந்துச்சு.”

“அது ஜெர்மனி, ஜாகிர்.”

“சரி, ஜெர்மனிதான். கேஸ் கனெக்‌ஷனுக்குக் கையெழுத்துப் போட்டுட்டு ஒருத்தர் அழுதாருன்னு எழுதியிருக்கியே, ஏன் அழுவுறாரு?”

“பயம். எங்க ஊர்ல முதல் சிலிண்டர் வந்தப்ப எங்க அத்தை மாரியம்மன் கோயில் வரைக்கும் ஓடுனாங்க. உனக்குக் கிராமத்தைப் பத்தித் தெரியாது.”

அவன் வடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஸ்டெல்லா மேடமோ கட்டுரையின் ஓரத்தில் ‘இந்தக் கோணம் இதுவரை யாரும் பார்க்காதது’ என்று எழுதிக் கொடுத்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இந்த நேரத்தில்தான் ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியை எங்கள் துறைக் கருத்தரங்குக்கு வருவதாகச் செய்தி வந்தது. பெயர் டாக்டர் ஹைக்கே. கிராம சமூக வரலாறுதான் அவர் துறை. என் கட்டுரை அவருக்குப் பிடித்துவிட்டால், அவர் பரிந்துரையில் ஆறு மாதம் அங்கே போய் ஆராய்ச்சி செய்யலாம். அதுவரை நான் போன அதிகபட்ச தூரம் சென்னை. எனக்குத் தூக்கம் போனது. வீட்டில் சொன்னேன். அம்மா யோசிக்காமல், “நாங்களும் வரோம்” என்றாள்.

“அம்மா, அது இங்கிலீஷ்ல நடக்கும்.”

“நடக்கட்டும். நீ பேசுறதை உக்காந்து பாக்குறதுக்கு இங்கிலீஷ் எதுக்கு?”

அது மாசி மாதம். சம்பா அறுப்பு முடிந்து, தாளுக்கு நடுவே உளுந்து பூத்திருந்தது. அப்பாவும் அம்மாவும் முதல் பஸ் பிடித்து, மன்னார்குடியில் இறங்கி மாறி, என் அக்கா கல்யாணத்துக்கு எடுத்த அதே வேட்டி சேலையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்காக, ஆங்கிலத்தில் வாசித்து முடித்ததும் தமிழில் சுருக்கிச் சொல்ல மேடம் அனுமதி கொடுத்திருந்தார். ஆக, ஒரே அபத்தத்தை இரண்டு மொழிகளில் சொல்லும் பேறு எனக்குக் கிடைத்தது.

டாக்டர் ஹைக்கே முதல் வரிசையில் இருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, பருத்திச் சட்டையோடு, மடியில் நோட்டுப் புத்தகம். நான் எழுந்து போய் முதல் படத்தைத் திரையில் போட்டேன். ஒரு பழைய ஜெர்மன் கிராமத்து வீதி. அதன் மூலையில் நானே வெட்டி ஒட்டிய சிவப்பு சிலிண்டர். தலைப்பு: ‘அடுப்பிலிருந்து விடுதலை’.

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் ஐந்து நிமிடம் வேகமாகக் குறிப்பெடுத்தார். ஏஜென்சிக்காரர் வீடு வீடாகப் போன கட்டத்தில் எழுதுவது மெதுவானது. சாண எரிவாயுவில் பேனா நின்றே போனது. அடுத்து வந்தது என் கட்டுரையின் உச்சம். ‘எல்.பி.ஜி.யில் சேர விரும்பாத பலர் மேற்கு ஜெர்மனிக்குத் தப்பி ஓடினார்கள்’ என்ற வரியைப் படித்து, “வெடித்துவிடும் என்ற அச்சம் ஒரு மனிதனைத் தாய்நாட்டை விட்டே துரத்துகிறது” என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அழுகிறார் என்றே நினைத்தேன். என் கட்டுரை ஒரு ஜெர்மன்காரியை அழ வைத்துவிட்டது! அந்த உற்சாகத்தில், எழுதி வைக்காத எங்கள் அத்தை கதையையும் சேர்த்துச் சொன்னேன். குரலைத் தாழ்த்தி, மாரியம்மன் கோயில் வரை அவரை ஓடவிட்டேன். பிறகு அத்தனையையும் தமிழிலும் சொல்லி முடித்தேன். கடைசி வரிசையில் அப்பா எழுந்து நின்று கைதட்டினார். மேடையில் நின்றபடியே நான் பாதி விமானம் ஏறிவிட்டிருந்தேன்.

“கேள்விகள்?” என்றார் ஸ்டெல்லா மேடம்.

டாக்டர் ஹைக்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு ரொம்ப மென்மையாகக் கேட்டார். “செல்வி, எல்.பி.ஜி. என்று நீங்கள் சொல்வது எதை?”

இப்படி ஒரு கேள்வியா? நாகரிகம் கருதிச் சிரித்தேன். “திரவமாக்கப்பட்ட பெட்ரோலிய வாயு, மேடம். உங்கள் ஊரில் வேறு பெயரில் சொல்வீர்களோ என்னவோ” என்றேன். (அந்த ‘என்னவோ’வை இப்போது நினைத்தாலும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.)

அவர் எழுந்து கரும்பலகைக்குப் போனார். சாக்பீஸால் ஒரு பெயர் எழுதினார். எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே போனார். பலகையின் இந்த ஓரத்தில் ஆரம்பித்து அந்த ஓரம் வரை போய், இடம் போதாமல் கீழே இறங்கி முடித்தார். லாண்ட்விர்ட்ஷாஃப்ட்லிஷே ப்ரொடுக்ட்சியோன்ஸ்கெனோசன்ஷாஃப்ட். மூன்று இடங்களில் கோடு போட்டார். எல். பி. ஜி.

“விவசாய உற்பத்திக் கூட்டுறவு” என்றார். “எல்லோர் நிலத்தையும் சேர்த்து ஒரே பண்ணை ஆக்கினார்கள். அதன் பெயர்தான் இது. கேஸ் இல்லை.”

பி.ஏ. மாணவர்கள் வரிசையில் யாரோ ‘புஸ்ஸ்ஸ்’ என்று கேஸ் கசிகிற மாதிரி ஒலி எழுப்பினார்கள். அவ்வளவுதான், கூரை பிய்ந்தது. கோயில் விளக்குக்காரர் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். ஜாகிர் மட்டும் சிரிக்காமல் மேசைக்கடியில் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். (அவன் போட்டிருந்தது செருப்பு.) ஸ்டெல்லா மேடம் விட்டத்தில் இருந்த மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

நான் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் கட்டுரையின் ஒவ்வொரு வரியும் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து நின்றது. தலைவர் வீட்டுக்கு வந்து மணிக்கணக்கில் பேசியது நிலத்தைக் கேட்டு. ஓடிப்போனவர்கள் ஓடியது நிலத்தை விட மனமில்லாமல். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தொழுவத்தில் போய் உட்கார்ந்து அழுதாரே ஒருவர், அவர் சிலிண்டருக்கா அழுதார்? பண்ணையில் கூலிக்கு இருந்து, சொந்தமாகக் கொஞ்சம் நிலம் கைக்கு வந்து, அதை உழுது விதைத்த பிறகு திரும்பக் கொடுக்கச் சொன்னால் அழுகிற ஆள் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். அதே ஜாடையில் ஒருவர் கடைசி வரிசையில் இன்னும் கைதட்டத் தயாராக நின்றுகொண்டிருந்தார். தப்பாகப் படித்ததைவிட, அந்த மனிதரின் அழுகையை நான் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்ததுதான் என்னைச் சுட்டது. மைக்கைப் பிடித்து, “மன்னிக்கணும், எனக்குத் தெரியலை” என்றேன். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அந்த மூன்று வார்த்தைகளை நான் சபையில் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்போது கடைசி வரிசையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. வயலுக்கு அந்தக் கோடியிலிருந்து கூப்பிடுகிற அதே குரல்.

“ஏம் பாப்பா, எல்லாரும் எதுக்குச் சிரிக்கிறாங்க? அந்த அம்மா என்ன எழுதுனாங்க?”

சொன்னேன். எல்லோர் நிலத்தையும் சேர்த்து ஒன்றாக்கியதையும், சில ஊர்களில் மாடுகளையும் கொடுக்கச் சொன்னதையும் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து நின்றாள்.

“அந்த அம்மாகிட்ட ஒண்ணு கேளு. மாட்டை எல்லாம் எங்க கட்டுனாங்க?”

“அம்மா, உக்காரு.”

“கேளுன்னா கேளேன். எல்லா மாட்டையும் ஒரே கொட்டகையிலதானே கட்டியிருப்பாங்க? பால் கறக்கப் போற பொம்பளைக்குத் தன் மாடு எதுன்னு தெரியாமலா இருக்கும்? அதைப் பாத்துட்டு, பாக்காத மாதிரி அடுத்த மாட்டுக்கிட்ட போயிருவாளா? மாடுதான் சும்மா விடுமா, இவளைப் பாத்துக் கத்தாது?”

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் மின்விசிறியிலிருந்து இறங்கி வந்து, “மொழிபெயர்த்துச் சொல்லு” என்றார். சொன்னேன். அரங்கம் மறுபடியும் சிரிக்கத் தயாரானது.

டாக்டர் ஹைக்கே சிரிக்கவில்லை. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவைப் பார்த்து நின்றார். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். நான் வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

அவர் பிறந்தது அப்படிப்பட்ட ஒரு கிராமத்தில்தான். அவருடைய அம்மா வேலை பார்த்தது கூட்டுறவு மாட்டுக் கொட்டகையில். அங்கே கட்டியிருந்த மாடுகளில் ஒன்று அவர்கள் வீட்டிலிருந்து போனது. அவருடைய அம்மா தினமும் அந்த மாட்டைத்தான் முதலில் கறப்பாராம். பொது மாட்டில் பாரபட்சம் கூடாதென்று மேற்பார்வையாளர் அவரை வேறு வரிசைக்கு மாற்றினார். இவர் தன் பழைய வரிசைக்கு வந்தவளோடு பேசி இடம் மாற்றிக்கொண்டார். மறுபடி மாற்றினார்கள். மறுபடி இவர் வந்து நின்றார். சட்டைப் பைக்குள் ஒளித்துக் கொண்டுபோகிற கிழங்குத் துண்டு அந்த ஒரு மாட்டுக்குத்தான்.

“இத்தனை வருடம் இதைப் பற்றித்தான் நான் ஆராய்ச்சி செய்கிறேன்” என்றார் ஹைக்கே. “உற்பத்தி, கொள்கை, கட்சி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள். மாட்டை எங்கே கட்டினீர்கள் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. நானும் என் அம்மாவிடம் சரியாகக் கேட்கவில்லை.”

அம்மா, “அதானே பாத்தேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நெய் கொடுத்த ஆடுகளைப் பற்றி ஆராய்கிற பெண் மட்டும் அவசரமாக எதையோ குறித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டில் டாக்டர் ஹைக்கே தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நடுவில் நான். பால் எத்தனை லிட்டர், கன்று ஈன்றால் யார் பார்ப்பது, கோடையில் தீவனம் என்ன என்று இரண்டு பேரும் என் தலைக்கு மேலே பேசிக்கொண்டார்கள். ரசம் சாப்பிடக்கூட எனக்கு நேரம் கொடுக்கவில்லை. கிளம்பும்போது அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“பரிந்துரைக் கடிதம் இன்றைக்குத் தர முடியாது.”

“தெரியும் மேடம்.”

“மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா கேட்ட கேள்வியை முதல் பக்கத்தில் எழுதுங்கள். எழுதி எனக்கு அனுப்புங்கள். சிலிண்டர் படம் வேண்டாம்.”

அடுத்த வாரமே தஞ்சாவூரில் ஒரு ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தேன். அங்கே என்னைத் தவிர எல்லோரும் ஜெர்மனி ஆஸ்பத்திரிகளுக்கு வேலைக்குப் போகிற நர்ஸுகள். பட்டுக்கோட்டை, கும்பகோணம், வேளாங்கண்ணி என்று நாலா பக்கமிருந்தும் வருவார்கள். பாடம் முழுவதும் அவர்களுக்கு ஏற்றதுதான். வாயைத் திறங்கள், மூச்சை இழுங்கள், இரவு தூங்கினீர்களா? நானும் அதையே படித்தேன். வேறு வழியில்லை. தெரியாத வார்த்தை வந்தால் உடனே கை தூக்கினேன். ‘கை தூக்கி செல்வி’ என்றே எனக்குப் பெயர் வந்தது. அடுத்த பிப்ரவரிக்குள் நான்கு முறை எழுதி, நான்கு முறை திருத்தி அனுப்பினேன். ஐந்தாவது முறை பதிலோடு கடிதமும் வந்தது. ஸ்டெல்லா மேடம் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “முதல்லயே சொன்னேனே, யாரும் பார்க்காத கோணம்னு” என்றார்.

ஜெர்மனியில் நான் சந்தித்த முதல் பாட்டிக்கு எண்பது தாண்டியிருக்கும். கூட்டுறவுக் கொட்டகையில் பால் கறந்தவர். சமையலறையில் எனக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தயாரித்து வைத்திருந்த கேள்விகள் அத்தனையும் பதற்றத்தில் மறந்து போயின. மனசில் இருந்தது வகுப்பில் ஆயிரம் தடவை சொன்ன ஒரே வாக்கியம். அதையே கேட்டுவிட்டேன்.

“எங்கே வலிக்கிறது?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முதலில் முழங்காலைக் காட்டினார். அப்புறம் தன் மாட்டின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தவர், காபி இரண்டு முறை ஆறிப்போகும் வரை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு நான் போன எல்லா வீட்டிலும் அந்தக் கேள்வியில்தான் தொடங்கினேன். ஆய்வுமுறை பற்றிய அத்தியாயத்தில் அதற்கு வேறு கௌரவமான பெயர் கொடுத்திருக்கிறேன்.

ஆய்வேட்டை ஒப்படைத்துப் பட்டம் வாங்க, சேர்ந்த நாளிலிருந்து மொத்தம் ஐந்து வருடம் ஆனது. இன்றைக்கு ஊரில் சிலிண்டர் வண்டி வந்தால் யாராவது ஒருவர் எங்கள் வாசலைப் பார்த்து, “டாக்டரம்மா, உங்க ஜெர்மன்காரங்க வந்திருக்காங்க” என்று குரல் கொடுக்காமல் போவதில்லை. என் கல்யாணத்தில் நண்பர்கள் எல்லோரும் சேர்ந்து கொடுத்த பரிசைப் பிரித்தால் உள்ளே கேஸ் அடுப்பு. கையெழுத்து ஜாகிருடையது.

புதிதாக வந்த சம்பந்தி வீட்டார் ஒன்றும் புரியாமல் முழித்தார்கள். மாப்பிள்ளையின் சித்தி அம்மாவிடம் போய், பெண் அப்படி எதில் டாக்டர் பட்டம் வாங்கினாள் என்று மெல்லக் கேட்டார். அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, கொஞ்சமும் முகம் மாறாமல் சொன்னாள்:

“ஊர்ல எல்லாருக்கும் ஒரு சிலிண்டர் ஒரு மாசம் ஓடும். எம் பொண்ணு அஞ்சு வருஷம் ஓட்டினா.”